ஓடுபாதையோரம் குப்புறப் படுத்தவள்

அந்த எண்ணம் எனக்கு ஒரு கோப்பிக் கடையின் கார்த் தரிப்பிடத்தில் வந்தது. கிங்ஸ்டனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு, அண்ணாவும் நானும் ரொறொன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் கம்பி வேலிக்கு எதிர்ப்பக்கம்தான் அந்தக் கடை. மழை பெய்ததால் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்து கோப்பி குடித்தோம்.

முதலில் ட்ரக்குகள்தான் வந்தன. ஆளுயரச் சில்லுகளில் உருளும், கூரையில் நீர் பீச்சும் குழாய் வைத்த தீயணைப்பு ட்ரக்குகள். ஓடுபாதையோரம் இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. எங்கும் நெருப்பில்லை, புகையில்லை. வானத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு ட்ரக்கின் பக்கவாட்டுப் படியில் வெள்ளி நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்று, மேற்கே பார்த்தபடி முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு முகிலுக்குள்ளிருந்து சாம்பல் நிறச் சரக்கு விமானம் ஒன்று இறங்கியது. அதன் நான்கு விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை.

விமானம் தரையைத் தொட்டதும் ட்ரக்குகள் எல்லாம் அதன் பின்னால் பாய்ந்தன. நான் கோப்பியை மடியில் ஊற்றிக்கொண்டேன். விமானம் நின்றது. ட்ரக்குகள் அதைச் சுற்றி நின்றன. கொஞ்ச நேரத்தில் விமானத்திலிருந்து ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மழைக்குத் தலையைக் குனிந்தபடி நடந்துபோனார்கள். அவ்வளவுதான்.

"ஒண்டும் நடக்கேல்லை. வெளிக்கிடுவமோ?" என்றான் அண்ணா.

நான் அந்த வெள்ளிக் கோட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகமூடியைக் கழற்றி, மூக்கைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவருக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார். மோசமாக முடியக்கூடிய ஒன்றை எதிர்பார்த்து, அது வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சம்பளமில்லாமல் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அப்போது நான் பொறியியல் படிப்பை முடித்து, மிசிசாகாவில் ஒரு கட்டடக் கம்பனியில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் சுற்றியிருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. விமான எரிபொருளில் பிடித்த நெருப்புக்குத் தண்ணீரை மட்டும் அடித்தால் காணாது, நுரை வேண்டும். சண்டை விமானத்தின் மூக்குக்கு முன்னாலும் போகக்கூடாது, வாலுக்குப் பின்னாலும் போகக்கூடாது. விமானியின் இருக்கைக்குக் கீழேயே வெடிமருந்து இருக்கிறது, தப்பவைக்கப் போகிறவர் தவறான பிடியை இழுத்தால் இரண்டு பேருக்கும் முடிவு. இதெல்லாவற்றையும் அண்ணாவின் காதில் ஓதினேன்; சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு, நெருப்பு அணைக்கும் வேலைக்குப் போகப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார்.

"நெருப்பு அணைக்கிற வேலையோ?" என்றார் அம்மா. "நல்ல வேலை. எங்கட இடத்துக்கும் அடிக்கடி வருவினம். ஆரும் தோசைக்கல்லைக் கருக்கினாலும் வருவினம். நல்ல மரியாதையான பெடியள்."

"இது எயார்போட்டில, அம்மா."

"பியர்சனிலயோ?"

"அங்கை இல்லை. கிழக்குப் பக்கம். ஒரு மாதிரி எயார்போட்தான்."

அண்ணா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினான். "ஒரு மாதிரி எண்டால் என்ன மாதிரி? சொல்லன் அவவுக்கு."

நான் அவன் தட்டில் இன்னும் சோறு போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலில், காலணி வைக்கும் இடத்திலேயே அம்மா இரண்டு அன்ரிமாருக்கு என்னைக் காட்டி, "இவ ஃபயர் சேர்விஸுக்குப் போறா" என்றார். அவர்கள் என் கைகளைப் பார்த்தார்கள். ஹோஸ் தூக்கக் காணுமோ என்று பார்த்திருப்பார்கள்.

அம்மாவுக்கு முழுதாகச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல நான் பார்க்டேலுக்குப் போக வேண்டும். எனக்கு ஏழெட்டு வயதாகும்வரை நாங்கள் அங்கேதான், ஏரி தெரியும் உயரமான கட்டடம் ஒன்றில் இருந்தோம். ஒவ்வொரு வருடமும் கோடை முடியும் வார இறுதியில் ஏரிக்கு மேல் விமானக் கண்காட்சி நடக்கும். அதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பல்கனிக்கு ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா திரைச்சீலைகளை இழுத்து மூடி, அண்ணாவையும் என்னையும் ஜன்னல் இல்லாத நடைக்குக் கூட்டிவந்து படுக்க வைப்பார்.

அதற்கு முறை இருந்தது. குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு காதுகளையும் பொத்த வேண்டும். முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்திருக்க வேண்டும், அதிர்வு நெஞ்சில் ஏறாமல் இருக்க. காதுச் சவ்வு கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்தில், 'பொம்மர்' என்ற குண்டுவீச்சு விமானங்கள் வந்த காலத்தில், இப்போதைய என்னை விடச் சின்ன வயதில் படித்த பாடம். எங்களைப் பயப்படுத்தக்கூடாது என்று அதை அவர் விளையாட்டாக்கியிருந்தார். சத்தம் போய் முடியும்வரை அசையாமல் கிடப்பவருக்கு ஐஸ்கிறீம். அண்ணா எப்போதும் தோற்பான். சிரிப்பான், என் காலைச் சுரண்டுவான். நான் ஒருமுறையும் தோற்றதில்லை. மூச்சைக்கூட மெல்லமாக, தரைவிரிப்பின் தூசி எழும்பாமல் விடத் தெரியும் எனக்கு.

பிறகு மோர்னிங்சைட்டுக்கு வந்தோம். அங்கே அந்தச் சத்தம் வராது. விளையாட்டும் நின்றுபோனது. நான் அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு வசந்த காலத்தில் தளத்திலிருந்து அழைப்பு வந்தது. வேலைக்குக் கேட்டவர்கள் ஒரு பகல் முழுக்கத் தீயணைப்புப் பிரிவோடு இருந்து, அவர்கள் சொல்வதைச் செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த கட்டம். அண்ணா லீவு எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வழி முழுக்க விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனேன். ஏணியில் ஏறுவேனா, மயங்கி விழுந்த ஆளுக்குப் பதிலாக வைக்கும் எண்பது கிலோ பொம்மையை இழுப்பேனா, முகமூடிக்குள் மூச்சு முட்டுமா. பயப்பட வேண்டியவை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன், அந்த ஒன்றைத் தவிர.

ஏணி ஏறினேன். பொம்மையை இழுத்தேன், அது என்னைக் கொஞ்சம் இழுத்தது. எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சார்ஜன்ட். குட்டைத் தலைமயிர், நாற்பது வயதிருக்கும் பெண். யாரையும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மதியத்துக்குப் பிறகு பாரமான கோட்டும் தலைக்கவசமும் போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் முகமூடியும் மாட்டி, ஓடுபாதையோரப் புல்வெளியில் ஹோஸை இழுத்துக்கொண்டு நடக்க வைத்தார்கள். தோள்வாரில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சார்ஜன்ட் காலையிலேயே சொல்லியிருந்தார். போட்டிருப்பவர் அரை நிமிடம் அளவில் அசையாமல் இருந்தால் அது கத்தத் தொடங்கும். அசையாத தீயணைப்பாளர் என்றால் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். கேட்டவர் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவரிடம் ஓட வேண்டும்.

பாதித் தூரம் நடந்திருப்பேன். இரண்டு சண்டை விமானங்கள், இறங்குவதற்கு முன் ஓடுபாதைக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்ற வந்தன. நான் பார்க்கவில்லை. முகமூடிக்குள் பார்வை குறைவு. சத்தம்தான் முதலில் வந்தது, பின்னாலிருந்து, முதுகெலும்பைப் பிடித்துக் கிழிப்பதுபோல.

பிறகு நடந்ததில் என் முடிவு எதுவும் இல்லை. புல் என் முகமூடிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கைகள் தலைக்கவசத்தின் இரு பக்கமும் பொத்தியிருந்தன. முழங்கை ஊன்றியிருந்தது. வாய் திறந்திருந்தது. சிலிண்டரின் பாரத்தோடும் நெஞ்சு தரையில் படவில்லை. நான் அசையவில்லை.

என் தோளிலிருந்த கருவி முதலில் குருவிபோலக் கீச்சிட்டது. பிறகு அலறியது. அது எனக்கு என்ன என்று விளங்கவில்லை. சைரன் என்றுதான் உடம்பு எடுத்துக்கொண்டது. சத்தம் முடியும்வரை அசையக்கூடாது. இன்னும் அசையாமல் கிடந்தேன். அது இன்னும் அலறியது.

அதன் பிறகு பூட்ஸ் சத்தம். என்னோடு வந்தவர்கள் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். யாரோ என்னைப் புரட்டினார்கள், யாரோ முகமூடியைக் கழற்றினார்கள். சார்ஜன்டின் முகம் மேலே தெரிந்தது. அவர் ரேடியோவில் வேகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை விமானங்கள் பத்திரமாக இறங்குவதற்காக ஓடுபாதையோரம் காத்துநின்ற ட்ரக் ஒன்று, என் அலாரம் கேட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. காவல் குறைந்ததால் விமானங்களை இறங்கவிடாமல் இன்னொரு சுற்றுச் சுற்றச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்தச் சத்தம் மறுபடியும் எங்கள் தலைக்கு மேலால் போனது. நான் மறுபடியும் புரளப் பார்த்தேன். இரண்டு பேர் என் தோள்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ரக்கின் நிழலில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். சார்ஜன்ட் முன்னால் குந்தியிருந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "தலை சுற்றியதா? சூடு ஏறிவிட்டதா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அது எல்லோருக்கும் விளங்கக்கூடிய பதில். ஆனால் அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கும் பொய் ஒன்றும் கைவசம் இல்லை.

"ஜெட் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் இப்படித்தான் படுப்போம்" என்றேன்.

"வாயை ஏன் திறந்து வைத்திருந்தாய்?"

காதுச் சவ்வைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சைப் பற்றியும் சொன்னேன். 

"முறை சரிதான்" என்றார். "இடம்தான் பிழை. இங்கே ஒரு ட்ரக்கில் நாலு பேர் போவோம். ஒருவர் விழுந்தால் மற்ற மூன்று பேரும் அவரைத்தான் பார்ப்பார்கள். விமானத்துக்குள் இருப்பவரிடம் போக ஆள் இல்லை."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

"இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை கூப்பிடுவேன்" என்றார். "அன்றும் விமானங்கள் வரும். அன்று நீ நின்றால் சரி. இல்லையென்றால் அதோடு முடிந்தது." எழும்பியவர் திரும்பி, "பொம்மையை நன்றாக இழுத்தாய்" என்றார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு.

காரில் ஏறியதும் அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒஷாவா வரும்வரை சிரிக்காமல் வந்தான். பெரிய காரியம். பிறகு ஸ்ரியறிங்கில் தலையை முட்டாத குறையாகச் சிரித்தான்.

"லிற்றறலி எயார் ஃபோர்ஸையே நிப்பாட்டிப்போட்டாய். ரெண்டு ஃபைற்றர் ஜெட் உனக்காக ரவுண்ட் அடிச்சிருக்கு. ஐஸ்கிறீம் தந்தவையோ?"

"வாயை மூடு அண்ணா."

"நீ முதல்ல மூடு. நீதான் திறந்துவைச்சுக்கொண்டு கிடந்தனி."

நானும் சிரித்தேன். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களைத் தாண்டிப் போனபோது என் கைகள் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. அண்ணா அதைக் கண்டான். சிரிப்பதை நிறுத்திவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

அம்மா சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன மாதிரிப் போச்சுது?" என்றார். இதற்கு மேல் "ஒரு மாதிரி" என்று சொல்ல முடியாது. எந்தத் தளம், யாருடைய விமானங்கள், நான் எப்படி விழுந்தேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கத்தி நின்றுவிட்டது.

"பொம்மர் வைச்சிருக்கிறவையிட்டயே போய் வேலை கேட்டனி?"

"இது வேற நாட்டு எயார் ஃபோர்ஸ், அம்மா."

"கீழ கிடக்கிறவைக்கு என்ன நாடு, பிள்ளை? மேல வாறது பிளேன்."

  அந்த ஓடுபாதையில் இறங்கும் விமானம் எங்கே போய், யாருடைய கூரைக்கு மேலால் பறந்துவிட்டு வருகிறது என்று ட்ரக்கில் நிற்பவர் கேட்கமாட்டார். எரிகிறதா, உள்ளே ஆள் இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டையும் அம்மாவுக்குச் சொல்லாமல், கீழே விழுந்த லீக்ஸ் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அம்மா லீக்ஸை ஒதுக்கி வைத்தார். "விழுந்தாப்பிறகு அசைஞ்சனியோ?"

"இல்லை."

"நெஞ்சு நிலத்தில பட்டதோ?"

"இல்லை. தூக்கித்தான் வைச்சிருந்தன்."

"அப்ப சரியாத்தான் செய்திருக்கிறாய்" என்றார், மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு.

"அம்மா, அதுக்காகத்தான் அவளை வீட்டை அனுப்பினவை" என்றான் அண்ணா வாசலில் நின்று.

அந்தக் கோடை முழுக்க நான் விழாமல் நிற்கப் பழகினேன். அண்ணாவின் போனில் ஜெட் சத்தங்களை இறக்கி வைத்தோம். நான் எதிர்பாராத நேரத்தில், உடுப்புத் தோய்க்கும்போது, பல் விளக்கும்போது, காரில் பின்னால் இருக்கும்போது, அவன் போட்டுவிடுவான். முதல் வாரம் பல்துலக்கி சிங்குக்குள் விழுந்தது. பிறகு தோள் மட்டும் துள்ளியது. பிறகு அதுவும் இல்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்த ஒரு மாலை, பியர்சன் விமான நிலையத்துக்கு இறங்கும் பயணிகள் விமானம் ஒன்று நாங்கள் நின்ற தரிப்பிடத்துக்கு மேலால் தாழப் போனது. சண்டை விமானம் அல்ல, அதன் கால்வாசிச் சத்தம்கூட இல்லை. நான் இரண்டு கார்களுக்கு நடுவில் முழங்காலில் நின்றேன். போனுக்குள்ளிருந்து வருவது சத்தம் மட்டும்தான். வானத்திலிருந்து வருவதற்கு நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, தரை நடுங்குகிறது. உடம்புக்கு வித்தியாசம் தெரிகிறது. இலையுதிர் காலம் நெருங்க நெருங்க, நான் வானத்தைப் பார்க்காமல் ஒரு தெருவையும் கடக்கவில்லை.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோயிலில் அன்ரிமார் கேட்டபோது "இன்னும் கூப்பிடேல்லை" என்று மட்டும் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை, காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ தொடங்குவதுபோலக் கேட்டார்.

"அந்த நாலு பேரில நீ கிடந்தால், பிளேனுக்குள்ள இருக்கிற பிள்ளையை ஆர் எடுக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை, அம்மா. அதுதான் பிரச்சினை."

ஒரு துவாயை மடித்து முடித்தார். "அங்கை, பொம்மர் போன உடன ஆரோ எழும்பி ஓடுவினம். இடிஞ்ச வீட்டுப் பக்கம். நான் எழும்பினதில்லை. சத்தம் போனாப்பிறகும் அப்பிடியே கிடப்பன். ஒவ்வொரு முறையும் ஆரோ வந்துதான் என்னைத் தூக்கி விட்டவை. அவை ஆரெண்டுகூடத் தெரியாது." அடுத்த துவாயை எடுத்தார். "உங்களுக்குப் படுக்கத்தான் சொல்லித் தந்தனான். எழும்பச் சொல்லித் தரேல்லை. எனக்குத் தெரிஞ்சால்தானே."

நான் மடித்த துவாய்களை மறுபடியும் மடித்தேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காக.

"இந்தக் கிழமை எயார் ஷோ எல்லோ" என்றார் அம்மா. "பார்க்டேலில ஏரிக்கரைக்குப் போனால் தலைக்கு மேலால திரும்பும். அந்த வீட்டில இருந்த காலம் முழுக்கச் சத்தம் மட்டும்தான் கேட்டனான். ஒருக்காவும் நிமிர்ந்து பாக்கேல்லை."

"நீங்களும் வாறியளோ?"

"நீ விழுந்தால் ஆர் தூக்கிறது?"

இதை எழுதுவது வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மா வேலைக்குப் போடும் வழுக்காத சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார். தளத்திலிருந்து சார்ஜன்டின் அழைப்பு வந்துவிட்டது, இம்மாதக் கடைசியில் நான் போய் நிற்க வேண்டும். அதற்கு முன் நாளைக்கு ஏரிக்கரை. எங்கே நிற்பது என்று அண்ணா வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறான். நான் நடுவில், அம்மா என் வலப்பக்கம், அவன் இடப்பக்கம். "ரெண்டு பேரும் விழுந்தால் நான் உங்களைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போயிடுவன்" என்கிறான்.

காதைப் பொத்துவதில்லை, வாயை மூடி வைத்திருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். சும்மா நின்றால் உடம்பு தன் பாட்டுக்குப் போய்விடும் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் சத்தம் வந்த உடனே கால் நடக்க வேண்டும், அது வரும் பக்கமாக, தண்ணீர் ஓரம்வரை. நான் விழுந்தால் அம்மா தூக்குவார். அம்மா விழுந்தால் நான் எழும்பிநின்று அவரைத் தூக்க வேண்டும்.